பேண்டேஜ் துணி கட்டிய ஸ்பீக்கர்

மாலை நாலு மணி இருபது நிமிடம். மதுரை பஸ்ஸில் என் பத்திரிகைக்கு அன்றைய செய்திக் கவரைக் கொடுத்தனுப்பிவிட்டு வந்து, கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு மரப்பெட்டிகள். வெண்கல அண்டாவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில், ஒரு பெஞ்சின் மேல் நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முழ உயரம். முகத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி.

அவற்றைச் சுற்றி ஒரு சிறு கூட்டம். கட்டிலுக்கு முன்னால் ஆள் இல்லை. பீரோவுக்கு முன்னாலும் இல்லை.

மறுநாள் காலை என் தங்கை மல்லிகாவுக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கும் சீரை முதல்நாள் மாலையே மண்டபத்தில் வரிசையாக அடுக்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைச் சுற்றி நடந்து பார்ப்பார்கள். அண்டாவை விரல் முட்டியால் தட்டி, எழும் ஓசையிலேயே கனத்தைச் சொல்லிவிடுவார்கள். பாத்திரத்தைக் காதால் எடைபோடத் தெரிந்த அந்தக் கூட்டம், பாட்டுக் கேட்கிற பெட்டியைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் சித்தப்பா குனிந்து வெள்ளைத் துணியை ஒரு விரலால் தொட்டார்.

“யாருக்குய்யா அடிபட்டிருக்கு?”

சிரித்தார்கள். செண்பகத்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா. இளம்வயதிலேயே தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டுச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது.

“இது ஆஸ்பத்திரித் துணியில்லா?” என்றார். “மங்கல காரியத்தில இதக் கொண்டாந்து வச்சது யாரு?”

வைத்தது என் அப்பா. வைக்கச் சொன்னது மல்லிகா. அப்பாவுக்கு அந்தப் பெட்டிகளைப் பிடிக்காது. நாலு மாதம் வீட்டில் நடந்த வழக்கில் தோற்றுப்போய்த்தான் அங்கே வைத்திருந்தார்.

எங்கள் துணி

எங்கள் தறிக்கூடத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ராஜபாளையத்தில் நூல் மில்லுக்கு அடுத்தபடி சோறு போட்டது பேண்டேஜ் துணி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் நாலு விசைத்தறி வைத்திருந்த அப்பாவும் அதைத்தான் நெய்தார். ஊடும் பாவும் இடைவெளி விட்டு நிற்கும் அந்தத் துணியின் வழியாக எதிரில் நிற்பவரின் முகம் தெரியும். காற்று நிற்காமல் போகும். எங்கள் வீட்டில் பால் வடிகட்ட, தயிரை மூட, தலை துவட்ட எல்லாவற்றுக்கும் அதுதான்.

அதை ஸ்பீக்கருக்குக் கட்டலாம் என்று கண்டுபிடித்தவர் சேவியர்.

சேவியர் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியன். மில் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வீட்டு முன்னறையில் ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருப்பார். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை தன்னைப்போலப் பெட்டி செய்ய ஆள் இல்லை என்று, கேட்காதவர்களிடமும் சொல்வார்.

“அடுத்தவன் பொட்டி, பாடுறவன்கூடச் சேந்து தானும் பாடும். எம் பொட்டி வாயத் தொறக்காது. அவன் என்ன பாடுனானோ அதச் சொல்லிட்டுச் சும்மா இருக்கும்.”

பெட்டிக்குள் ஒலி முட்டி மோதித் திரும்பாமல் இருக்க, உள்சுவரெல்லாம் ஆஸ்பத்திரிப் பஞ்சை அடைத்தார். அதுவும் எங்கள் ஊர்ச் சரக்குதான். முன்பக்கத்துக்கு முதலில் சோபா துணி கட்டிப் பார்த்தார். ஜால்ராவின் கிணுகிணுப்பு துணிக்குள்ளேயே தங்கிவிட்டது. வெல்வெட் இன்னும் மோசம். ஒருநாள் கையில் காயம் பட்டு, கட்டுப் போட்ட கையோடு மில்லிலிருந்து வந்தவர், அந்தக் கட்டைப் பார்த்தபடியே எங்கள் தறிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

“முதலாளி, ஒரு கெஜம் கிழிங்க.”

அப்பா கிழித்துக் கொடுத்தார். புண்ணுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

சாயம் போட்டால் என்ன என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். சேவியர் அதையும் செய்து பார்த்திருந்தார். சாயத்தொட்டியிலிருந்து எடுத்தபோது துணி சுருங்கி, இழை உப்பி, இடைவெளி அடைந்துபோயிருந்தது. வெள்ளையாக இருந்தால்தான் அது வழிவிட்டது.

மல்லிகா கேட்டது

சேவியரின் மனைவி ஸ்டெல்லா என் தங்கைக்குச் சிநேகிதி. இருவரும் ஒன்றாகத் தையல் படித்தவர்கள். மத்தியானங்களில் மல்லிகா அங்கே போவாள். தைக்கப் போனவள் கேட்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: “அண்ணே, வயலின் வாசிக்கதுக்கு முன்னால வில்லு கம்பியில வந்து உக்காருதுல்லா, அந்தச் சத்தம் கேக்கு. வாசிக்கவரு மூச்சு விடுதாரு, அதுவும் கேக்கு.”

நான் போய்க் கேட்டேன். உண்மைதான். பத்திரிகைக்காரனுக்கு எதையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அன்று எனக்குக் குறைக்க ஒன்றும் அகப்படவில்லை.

ஸ்டெல்லாவுக்கோ அந்தப் பெட்டிகளைக் கண்டாலே ஆகாது. “பாடுறது செத்த நேரம். மிச்ச நேரமெல்லாம் மொட்டச் சுவரு மாதிரி நிக்கு. அதப் பாத்துக்கிட்டு வீட்டுல கிடக்கிறது நான்தானே?” என்பார். “இவருக்குக் காது மட்டும்தான் இருக்கு. எனக்குக் கண்ணும் இருக்கு.”

அவர் சொன்னதை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். ஒரு வீட்டில் ஸ்பீக்கர் பாடும் நேரம் கொஞ்சம். சும்மா நிற்கும் நேரம் அதிகம். சும்மா நிற்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் மனிதர்கள் பொருள் வாங்குகிறார்கள்.

கல்யாணம் நிச்சயமானதும் அப்பா சீர் வாங்கக் கிளம்பினார். கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் அவரும் அம்மாவும் பார்த்துத் தீர்மானித்தவை. அந்த வருடங்களில் சீரில் ஸ்டீரியோ செட் வைப்பது ஊரில் ஒரு கௌரவம். மதுரைக்குப் போய் அப்பா அதற்கும் ஒரு ஜோடிப் பெட்டி பார்த்துவிட்டு வந்தார். தேக்குபோல மின்னும் மேற்புறம். முகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளி வட்டங்கள். பாட்டுக்கேற்பக் குதிக்கும் சிவப்பு விளக்குகள்.

மல்லிகா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“யப்பா, சீரில இருக்கிற அம்புட்டும் நீங்க எடுத்தது. இது ஒண்ணு நான் சொல்லுததா இருக்கட்டும். சேவியர் அண்ணன் பொட்டிதான் வேணும்.”

“அந்தக் கட்டுப் போட்ட பொட்டியா? சீருங்கிறது பாக்கிறதுக்குத்தான்டி. கேக்கிறதுக்கில்ல.”

“சீரு ஒரு நாளு. பொறவு அதுகூட இருக்கப்போறது நாந்தானே?”

அவள் ஆசை பெரியது அல்ல. போகிற வீட்டில் மத்தியானம் எல்லோரும் தலைசாய்த்த பிறகு, அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு மணிநேரம் உட்கார வேண்டும். இதை அவள் அம்மாவிடம் சொன்னாள், என்னிடம் சொன்னாள், ஸ்டெல்லாவிடம் சொன்னாள். மாப்பிள்ளை ரெங்கன் எப்படிப்பட்டவர், என்ன சாப்பிடுவார், எவ்வளவு பேசுவார் என்றெல்லாம் அவள் கேட்டதே இல்லை. அந்த வீட்டுக் கூடம் எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்டாள்.

பானையும் நாயும்

கண்ணுக்கும் காதுக்கும் நடக்கும் இந்த வழக்கு எங்கள் ஊருக்குப் புதிது இல்லை.

சோழபுரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் தண்ணீர்ப் பானை ஒன்றின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருந்தார். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் ஒலி அதில் வந்து விழும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் தொடை அதிரும். ஆனால், பானையைப் பார்த்தால் கடை பஞ்சத்தில் பிறந்தது போல இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேலி பேசினார்கள். அவர் கண்ணாடியும் விளக்கும் பதித்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி அலமாரியில் வைத்தார். பானை பெஞ்சுக்கு அடியில் போனது.

வந்தவர்கள் எல்லாம் அலமாரியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். “இப்பத்தான்யா சத்தம் சத்தமா இருக்கு.” அலமாரிப் பெட்டிக்குக் கம்பி இணைப்பே கிடையாது. விளக்குக்கு மட்டும்தான் கரண்ட். இதை நான் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

எங்கள் ஊர் நாய் விஷயமும் அப்படித்தான். பால்போல வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த நிறத்துக்காகவே வெளியூர்க்காரர்கள் தேடி வருவார்கள். அப்படிப் பிறக்கும் வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காது. எங்கள் தெருவில் நாய் வளர்த்த ஒருவர், தூங்கும் குட்டிக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார். எந்தக் குட்டி எழுந்தது, எது எழவில்லை என்பதை வாங்க வந்தவரிடம் மறைக்காமல் சொல்லியும்விடுவார்.

ஒருமுறை காரில் வந்த ஒருவர், தட்டுச் சத்தத்துக்கு அசையாத குட்டியையே தூக்கிக்கொண்டார். “காவலுக்கு ஆள் வச்சிருக்கேங்க. இது வாசல்ல நிக்கணும், அவ்வளவுதான்.”

அவரை முட்டாள் என்று நான் நினைக்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திரைக்குப் பின்னால்

அப்பாவும் மல்லிகாவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஓர் ஏற்பாடு செய்தேன். மதுரைப் பெட்டிகளை அப்பா அதற்குள் வாங்கியே வந்துவிட்டிருந்தார். எங்கள் கூடத்தின் குறுக்கே பேண்டேஜ் துணியை நாலு மடிப்பாகத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் இரண்டு ஜோடிகளையும் வைத்தோம். ஒரே கேசட். சேவியர் உள்ளே இருந்து மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்பா வெளியே உட்கார்ந்து கேட்டு, எது நல்லது என்று சொல்ல வேண்டும்.

உள்ளே போனதும் சேவியர் கை சும்மா இருக்கவில்லை. திருப்புளியால் மதுரைப் பெட்டியின் முகத்தைக் கழற்றிவிட்டார்.

“முதலாளி, இங்கன வாங்க. மூணாவது வட்டத்துக்குப் பின்னால ஒண்ணும் இல்ல. வெறும் பலக. மேல பிளாஸ்டிக்க ஒட்டியிருக்கான்.”

“இருக்கட்டுமே,” என்றார் அப்பா, இடத்தைவிட்டு எழாமல். “மூணு இருந்தாத்தான் பாக்க நிறைவா இருக்கு.”

பாட்டு ஓடியது. முதல் ஜோடி. பிறகு இரண்டாவது. மறுபடி முதலாவது. என் காதில் இரண்டுக்கும் இடையே ஒரு கதவு திறந்து மூடியது போல இருந்தது. மல்லிகா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கண்ணை மூடி, நேர்மையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துச் சொன்னார்: “ரெண்டும் ஒண்ணுதானே தாயி?”

பொய் இல்லை. பிடிவாதமும் இல்லை. வாலிபத்திலிருந்து அவர் தறிக்கு நடுவில் நின்றவர். தறியின் நாடா குறுக்கே ஓடி அடிக்கும் சத்தம் அவர் காதிலிருந்து மேல்வரிசை ஒலிகளை எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. சைக்கிள் மணி கேட்காமல் அவர் ஒதுங்காமல் நடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். கதவு திறந்து மூடும் அந்த இடம் அவர் காதில் இல்லை. இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும் மனிதர், பார்க்க அழகானதை எடுப்பதில் என்ன தவறு?

மல்லிகாவுக்கு அது அன்று புரிந்தது. அவள் வாதாடுவதை நிறுத்தினாள். “உங்களுக்கு ஒண்ணுன்னா, எனக்குப் பிடிச்சதக் குடுத்துருங்களேன்,” என்றாள்.

அப்பா, “சரி, உம் பொட்டியே போகட்டும்” என்று எழுந்துவிட்டார்.

ஆனால் கல்யாணத்துக்கு முதல்நாள், சாமான்களை வேனில் ஏற்றும்போது மதுரைப் பெட்டிகளையும் ஏற்றச் சொன்னார். போர்வையால் மூடி, மண்டபத்து ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார். சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

“எதுக்கும் இருக்கட்டும்டா. அவிய வீட்டில யாரும் மூஞ்சச் சுளிச்சா மாத்திரலாம்.”

மண்டபத்தில்

இனி நாலு மணி இருபதுக்குத் திரும்புகிறேன்.

செண்பகத்தம்மாள் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. “மாப்பிள அழைக்கதுக்கு முன்னால இத எடுத்துருங்க,” என்றார். “கட்டுத் துணி வீட்டுக்குள்ள வரப்பிடாது. அடிபட்டவனுக்கும் செத்தவனுக்கும் கட்டுற துணி.”

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார். செண்பகத்தம்மாளைப் பார்த்தார். அவர் கை மடிக்குப் போனது. அங்கே சாவி இருப்பது எனக்குத் தெரியும்.

மணப்பெண் அறை வாசலில் மல்லிகா நின்றிருந்தாள். பாதிச் சடை பின்னியிருந்தது. நான் அருகே போனேன்.

“சாவி யப்பா மடியில இருக்கு. எனக்குத் தெரியும்ணே,” என்றாள். “வேன்ல ஏத்தும்போதே பாத்துட்டேன். மாத்தட்டும். என்ன செய்ய?”

மாற்றுவது எளிது. அஞ்சு நிமிட வேலை. பூட்டைத் திறந்து, போர்வையை எடுத்து, விளக்குக் குதிக்கும் ஜோடியைப் பெஞ்சில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டுக்கும் மகிழ்ச்சி, அப்பாவுக்கும் மகிழ்ச்சி. நாலு மாதமாக அவர் விரும்பியதே அதுதான்.

அப்பா மடியிலிருந்து கையை எடுத்தார். கையில் சாவி இல்லை.

“மைனி,” என்றார். சம்பந்தி வீட்டுப் பெரியவரை அப்படித்தான் அழைப்பார். “இது எந் தறியில நெய்த துணி. இந்தா நிக்க அண்டா, கட்டிலு, பீரோ, எம் மக கழுத்தில கிடக்கிறது, மத்தியானம் உங்க பந்தியில போட்ட இலை, அம்புட்டும் இந்தத் துணி குடுத்தது. இது வீட்டுக்குள்ள வரப்பிடாதுன்னா, இதில ஒண்ணுமே உங்க வீட்டுக்கு வரப்பிடாதுல்லா?”

சமையல் கட்டில் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா, “அக்கா...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். மல்லிகா என் கையைப் பிடித்திருந்தாள். கல்யாணமே நிற்கும் தூரத்தில் அந்தப் பேச்சு போய் நின்றிருந்தது. அதைச் சொன்ன அப்பாவுக்கு ஸ்பீக்கர் எப்படிப் பாடும் என்பதில் கடைசிவரை அக்கறை இல்லை. அன்று அந்த மண்டபத்தில் அந்தப் பெட்டிகளை ஒருவரும் பாடவைக்கவும் இல்லை.

செண்பகத்தம்மாள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் தொழிலில் பல பேரைப் பார்த்திருக்கிறேன். பின்வாங்குவதை இவ்வளவு கம்பீரமாகச் செய்தவரைப் பார்த்ததில்லை.

“உங்க தொழில நான் என்னத்துக்குச் சொல்லுதேன்? கோடித் துணிய மஞ்சத் தடவாம வைக்கலாமா? அதத்தான் சொன்னேன். வெள்ளத் துணிய வெறுந்துணியா வச்சா யாருக்குத்தான் மனசு கேக்கும்?” திரும்பினார். “ஏட்டி, அந்த மஞ்சக் கிண்ணத்த எடு.”

புதுத் துணியின் மூலையில் மஞ்சள் தடவாமல் எங்கள் பக்கத்தில் யாரும் உடுத்துவதில்லை. அந்த வழக்கம் அங்கிருந்த எல்லோருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. குழைத்த மஞ்சளில் மூன்று விரலைத் தோய்த்து, செண்பகத்தம்மாள் கையைப் பெட்டியின் நடுமுகத்துக்குக் கொண்டுபோனார்.

“நடுவில வேண்டாம் ஆச்சி!” என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சேவியர் கத்தினார். “மூலையில! மூலையில வைங்க! நடுவில வச்சா தொண்ட அடச்சிரும்!”

“யாருலே அது?”

“பொட்டி செஞ்சவன், ஆச்சி.”

“பொட்டியா செஞ்சிருக்கே? தொட்டிலு மாதிரி இருக்கு.”

நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தார். நடுவில் வைக்கவில்லை. குங்குமம் மேல்பலகையில். கூட்டம் சிரித்துக் கலைந்து கட்டிலுக்கும் பீரோவுக்கும் நகர்ந்தது. அப்பா பந்தலுக்கு வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

கூடத்து நாற்காலி

கல்யாணம் முடிந்த வாரமே சேவியர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பெட்டிகளைப் பொருத்தினார். துணைக்கு நானும் போனேன். கோயிலுக்குப் பின்தெருவில் பழைய வீடு. நீளமான கூடம். மல்லிகாவுக்கு அது போதும் என்று முகத்தில் தெரிந்தது.

சேவியர் பெட்டிகளை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்து, லேசாக உள்பக்கம் திருப்பினார். பின்னால் நடந்து வந்து, உட்கார்ந்து எழுந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

“நாற்காலி இங்கன. ரெண்டு பொட்டிக்கும் ஒரே தூரம். பாடுறவன் நட்டநடுவில வந்து நிப்பான். ஒரு முழம் தள்ளி உக்காந்தாலும் ஒரு பொட்டி மேலதான் சாஞ்சு கேக்கும்.”

“அப்ப, ஒரு ஆளுதான் கேக்க முடியுமா?” என்றார் ரெங்கன்.

“நல்லாக் கேக்கணும்னா ஒரு ஆளுதான் மாப்ள.”

ரெங்கன் சிரித்தார். கூட்டுறவு பாங்கில் வேலை. நல்ல மனிதர். “எனக்கு எல்லாப் பாட்டும் ஒண்ணுதான். இவ கேக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு காலம் ஓடிவிட்டது. தொண்ணூறுகளில் சேவியர் மில்லை விட்டு, ராஜபாளையத்தில் சொந்தக் கடை போட்டார். கடையின் முன்பக்கக் கண்ணாடிக்குள் விளக்குக் குதிக்கும் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவர் செய்தவை உள்ளே, கல்லாவுக்குப் பின்னால். “முன்னால நிக்கது சோறு. பின்னால நிக்கது நான்,” என்றார். அவர் பேச்சில் பெருமை குறையவே இல்லை. கடையும் நன்றாக நடந்தது. ஸ்டெல்லா சொந்த வீட்டின் முன்னறைக்குப் பூப்போட்ட திரை வாங்கிப் போட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டச் செய்திக்காக ஓர் ஆண்டு போனவன், மத்தியானம் மல்லிகா வீட்டுக்குப் போனேன். தேர் நிலைக்கு வந்து, ஊர் சாப்பிட்டுத் தலைசாய்ந்த நேரம். தெருவிலேயே வயலின் கேட்டது. வாசல்படி ஏறியதும் வில் கம்பியில் வந்து உட்காரும் சத்தமும் கேட்டது.

கூடத்தில் பெட்டிகள் சேவியர் வைத்த இடத்திலேயே இருந்தன. துணி புதிது, அப்பா அவ்வப்போது தறியிலிருந்து கொடுத்தனுப்புவார். நாலு மூலையிலும் மஞ்சள். எதிரே ஒரு நாற்காலி. அதில் செண்பகத்தம்மாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வலது கை தொடையில் தாளம் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

என் காலடி கேட்டுக் கண் திறக்காமலே பேசினார். “யாரு? ராஜபாளையத்தாரா? செத்த நேரம் சத்தம் காட்டாதீக. இந்த எடம் முடியட்டும்.”

நான் நின்றேன். அவர் சும்மா காதில் விழட்டும் என்று கேட்கவில்லை. வித்வான் ராகத்தின் ஒரு பிடியை நீட்டிய இடத்தில் அவர் விரல் காற்றில் நின்றது. பிடி முடிந்ததும் கீழே இறங்கியது. கேசட் தீர்ந்து டக்கென்று நின்றது.

“ஏட்டி மல்லிகா, மறுபக்கத்த மாத்து.”

மல்லிகா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேசட்டைத் திருப்பிப் போட்டு, “வாங்கண்ணே, உள்ள வாங்க, இவிய கேக்கட்டும்” என்று அழைத்துப் போனாள்.

அடுக்களையில் முருங்கைக்கீரை பாதி உருவிக் கிடந்தது. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்து மீதியை உருவ ஆரம்பித்தாள்.

“தினமும் கேக்காகளா?” என்றேன்.

“காலையில பூச முடிச்சு ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ. யாரையும் அந்த நாற்காலியில உக்கார விடுறதில்ல. நல்ல காதுண்ணே அவியளுக்கு. துணி பழசானா, சத்தம் மங்குதுன்னு அவியதான் முதல்ல சொல்லுதாக.”

“நீ எப்பக் கேப்பே?”

“இங்கன இருந்தே கேக்குதுல்லா?” என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தக் காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடு அது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள சுவர் ஒன்றரை அடி கனம்.